ஒற்றை ஆள், இரண்டு படைகள்: நெப்போலியன் காலப் போரை மேசைமேல் தனியாக ஆடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைமேல் ஒரு நிலப்பரப்பை அமைத்து, படைகளைக் காய்களாக நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையின் முடிவைக் காணும் விளையாட்டைப் பற்றியது இது. எதிராளி கிடைக்காதவர்களும், எதிராளி வேண்டாம் என்பவர்களும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஒரே சண்டையிலிருந்து வருகின்றன: 1815 ஜூன் 16 அன்று, வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு, இன்றைய பெல்ஜியத்தில் காத்ர் பிரா என்ற நாற்சந்தியில் நடந்தது. ஏன் அந்தச் சண்டை என்பது போகப் போகத் தெரியும்.

இரண்டு பக்கத்தையும் நானே நகர்த்தினால், எல்லாமே எனக்குத் தெரியுமே? அதில் என்ன விளையாட்டு?

சதுரங்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அங்கே எல்லாம் கண்முன் இருக்கிறது, நீங்கள் நினைத்த காய் நினைத்த கட்டத்துக்குப் போகிறது. போர் விளையாட்டில் அப்படியில்லை, அல்லது அப்படி இருக்கக் கூடாது.

புதிதாகத் தனியாக ஆட வருகிறவர்கள் முதலில் செய்வது, எதிரியை எப்படியாவது புத்திசாலியாக்கப் பார்ப்பது. பக்கம் பக்கமாக அட்டவணை போடுவார்கள். எதிரி இங்கே இருந்தால் இப்படி, அங்கே இருந்தால் அப்படி என்று நாற்பது விதிகள் எழுதுவார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே சலித்துவிடும். உழைப்பு தவறான இடத்தில் போகிறது என்பது என் கருத்து. நெப்போலியன் காலத் தளபதிகளைக் கவிழ்த்ததில் எதிரிக்கு நிகரான பங்கு அவர்களுடைய சொந்தப் படைக்கு உண்டு. தாமதமாகப் போன ஆணை, தவறாகப் புரிந்துகொண்ட ஆணை, ஆணையே வராதபோது தன் இஷ்டத்துக்கு முடிவெடுத்த தளபதி என்று அந்தக் காலப் போர் வரலாறு முழுக்க இதுதான். ஆகவே எதிரியைச் சுமாரான அறிவோடு விட்டுவிடுங்கள். உங்கள் படையை உங்கள் சொல் கேளாததாக ஆக்குங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி அதுதான்.

இது குழந்தை விளையாட்டா, பயிற்சியா?

தொடக்கமே ராணுவத்தில்தான். அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, தன் தந்தை தொடங்கிவைத்த யோசனையைச் செம்மைப்படுத்தி 1824இல் ‘கிரீக்ஸ்பீல்’ என்ற விளையாட்டை வெளியிட்டார். 1:8000 அளவிலான வரைபடம், பகடை, இரு பக்கத்துக்கும் நடுவே ஒரு நடுவர் என்பது அதன் அமைப்பு. பிரஷ்யப் படைத் தலைமையகத்தின் தலைவர் மூஃப்ளிங் அதைப் பார்த்துவிட்டு, இது விளையாட்டே அல்ல, போருக்கான பயிற்சி என்று சொல்லி ராணுவத்துக்குப் பரிந்துரைத்தார். இந்த மூஃப்ளிங் வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் பக்கத்தில் பிரஷ்யத் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். செய்தி தாமதமானால் என்ன ஆகும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எத்தனையோ போர்கள் இருக்க, நெப்போலியன் காலம் எதற்கு?

தளபதி குதிரைமேல் உட்கார்ந்து தொலைநோக்கியில் போர்க்களத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். ஆனால் பார்த்ததை வைத்து எதையாவது மாற்ற வேண்டுமென்றால், ஒரு தாளில் எழுதி இன்னொரு குதிரையில் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். பார்வைக்கும் கைக்கும் இடையே உள்ள அந்த இடைவெளிதான் தனியாட்டத்துக்கு உயிர். கம்பியில்லாத் தந்தி வந்த பிறகான போர்களில் அது சுருங்கிவிடுகிறது.

இன்னொரு காரணம், மூன்று படைகளும் ஒன்றையொன்று மடக்கும் விதம். காலாட்படை சதுர வியூகத்தில் நின்றால், நான்கு பக்கமும் துப்பாக்கி முனைக்கத்திகள் நீட்டியிருக்க, குதிரைப்படையால் உள்ளே நுழைய முடியாது. அதே சதுரம் பீரங்கிக்கு அருமையான இலக்கு. பீரங்கிக்குப் பயந்து வரிசையாக விரிந்தால் குதிரைகள் வந்துவிடும். இந்த இக்கட்டு ஒவ்வொரு சுற்றிலும் உங்களை யோசிக்க வைக்கும், எதிரில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பொம்மை வீரர்களை வாங்க வேண்டுமா? செலவு எவ்வளவு ஆகும்?

வாங்க வேண்டியதில்லை. 28 மி.மீ. உயரப் பொம்மைகள் பார்க்க அழகு. ஒரு பட்டாலியனுக்கு, அதாவது சில நூறு பேர் கொண்ட காலாட்படைப் பிரிவுக்கு, வண்ணம் தீட்டவே பல மாலைகள் போய்விடும். 6 மி.மீ. பொம்மைகள் சிறிய மேசைக்கு ஏற்றவை. பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வர வேண்டியிருப்பதால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேர்ந்து, சமயத்தில் பொம்மையின் விலையை எட்டிப்பிடித்துவிடும். வண்ணம் தீட்டுவதில் ஆசை இருந்தால் அதைத் தனிப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்துக்குத் தேவை தடித்த அட்டை, கத்தரிக்கோல், நீலம், சிவப்பு, பச்சைப் பேனா. அட்டையைக் காய்களாக வெட்டிய பிறகு, அடியில் ஏதாவது கனமான ஒன்றை ஒட்டிவிடுங்கள். பழைய நாணயமோ வாஷரோ போதும். மேலே மின்விசிறி ஓடும் அறையில், ஒட்டாத அட்டைப் படைகள் எந்த ஆணைக்கும் காத்திராமல் புறப்பட்டுவிடும்.

மேசைக்கு ஒரு கேரம் போர்டு போதும். ஆடுகளம் ஏறக்குறைய 74 செ.மீ. சதுரம், சுற்றிலும் சட்டம் இருப்பதால் காய் கீழே விழாது. மேலே ஒரு பச்சைத் துணியை விரித்து, அடியில் புத்தகங்களை வைத்தால் மேடு தயார்.

எந்தச் சண்டையில் தொடங்கலாம்? வாட்டர்லூ?

வேண்டாம். எல்லோரும் அங்கேதான் போகிறார்கள், அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். பிரஷ்யர்களைச் சேர்க்காமலே இரு பக்கமும் 1,40,000 பேர், நெருக்கமான களம், முடிவு எல்லோருக்கும் தெரிந்தது.

காத்ர் பிராவை எடுத்துக்கொள்ளுங்கள். களம் சுமார் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர். வடக்கே நாற்சந்தி. மேற்கே பொசூ காடு. நடுவில், சாலையோரம், ஜெமியோன்கூர் பண்ணை. தென்கிழக்கில் பிரோமோன் கிராமம். ஜூன் மாதம் என்பதால் வயலெல்லாம் ஆள் உயரத்துக்கு ரை என்ற தானியப் பயிர் வளர்ந்து நின்றது. அதற்குள் ஒரு பட்டாலியன் ஒளிந்துகொள்ளலாம்.

தெற்கிலிருந்து பிரெஞ்சு மார்ஷல் நே வருகிறார். முந்தைய நாள் பிற்பகலில்தான் அவருக்கு இந்தப் படையின் பொறுப்பே தரப்பட்டது. அலுவலர் குழு என்று சொல்லத்தக்க எதுவும் அவரிடம் இல்லை. நாற்சந்தியில் இருப்பது பெர்போன்ஷேயின் டச்சு-பெல்ஜிய டிவிஷன் மட்டும், சுமார் 8,000 பேர். அவர்கள் அங்கே இருந்திருக்கவே கூடாது. வெலிங்டனின் ஆணைப்படி நிவெல் என்ற ஊரில் திரண்டிருக்க வேண்டும். நெதர்லாந்தின் பட்டத்து இளவரசர், அதாவது ஆரஞ்சு இளவரசரின் தலைமை அலுவலர் கான்ஸ்டன்ட் ரெபெக் நிலைமையைப் பார்த்து, ஆணைக்கு மாறாக அவர்களை நாற்சந்தியிலேயே நிறுத்தினார். கீழ்ப்படியாமையால் காப்பாற்றப்பட்ட சண்டை இது.

பிற்பகல் 2 மணி அளவில் நே தாக்கும்போது அவர் கையில் ஆள் அதிகம். ஆனால் நேரம் செல்லச் செல்ல எதிர்ப்பக்கத்துக்குத் துணைப்படைகள் வந்து சேர்கின்றன: 3 மணி வாக்கில் பிக்டனின் டிவிஷன், பிறகு பிரன்ஸ்விக் படை, 5 மணிக்கு ஆல்டன், 6.30 வாக்கில் குக்கின் கார்ட்ஸ். நேயின் துணைப்படையாக வர வேண்டிய தெர்லோனின் கோர், அதாவது நான்கு காலாட்படை டிவிஷன்கள் கொண்ட சுமார் 20,000 பேர், பாதி வழியில், அதே நாள் நெப்போலியன் பிரஷ்யர்களோடு மோதிக்கொண்டிருந்த லிக்னி பக்கம் திருப்பப்பட்டது. நே ஆத்திரத்தோடு திரும்ப அழைத்தார். கடைசியில் இரண்டு சண்டையிலும் அந்தப் படையால் பயனில்லாமல் போயிற்று.

நேயாக நீங்கள் ஆடுங்கள். கடிகாரம் உங்களுக்கு எதிராக ஓடும். அதைவிட நல்ல எதிரி கிடையாது.

அளவுகளை எப்படி வைப்பது?

1 செ.மீ. என்பது 40 மீட்டர். 600 பேர் கொண்ட பிரெஞ்சு பட்டாலியன் மூன்று வரிசையாக நின்றால் ஒரு வரிசைக்கு 200 பேர், சுமார் 110 மீட்டர் அகலம். ஆகவே 3 செ.மீ. அட்டை ஒரு பட்டாலியன். மஸ்கெட் துப்பாக்கி உருப்படியாகச் சுடும் தூரம் 100 மீட்டர்தான், மேசைமேல் 2.5 செ.மீ. பீரங்கியின் இரும்புக் குண்டுக்கு 20 செ.மீ., அருகில் வந்தவர்கள்மேல் வீசும் சிதறுகுண்டுக்கு 10 செ.மீ. வைத்துக்கொள்ளலாம். ஒரு சுற்று 20 நிமிடம் என்றால் 2 மணியிலிருந்து இரவு 9 மணி வரை 21 சுற்றுகள். காலாட்படை ஒரு சுற்றில் 12 செ.மீ., பயிருக்குள் 8.

அளவைச் சரியாகப் போட்டதும் ஒன்று புரியும்: துப்பாக்கி எட்டும் தூரம் ஒரு விரல் அகலத்துக்குச் சற்றே கூடுதல். சண்டை என்பது பெரும்பாலும் நடப்பதும் காத்திருப்பதும்தான்.

சண்டைக்கு விதிகள்?

சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டாலியனுக்கும் மூன்று உறுதிப் புள்ளிகள். வரிசையில் நின்று சுட்டால் பகடையில் 5, 6 விழும்போது எதிரிக்கு ஒரு புள்ளி குறையும். நெடும்பத்தியாக இருந்தால் முன்னே நிற்பவர்கள் மட்டும் சுட முடியும், ஆகவே 6 மட்டும். நெடும்பத்தி வேகமாக நகரும், வரிசை மெதுவாக. சதுரம் நகராது என்றே வைத்துக்கொள்ளலாம். புள்ளி எல்லாம் போனால் அந்தப் பட்டாலியன் கலைந்து ஓடும். வியூகம் மாற்றும் சுற்றில் குதிரைப்படை வந்து விழுந்தால், அந்தப் பட்டாலியன் உடனே ஒரு பகடை உருட்ட வேண்டும். 1 முதல் 4 வரை விழுந்தால் சிதறும்.

கடைசி விதி கடுமையாகத் தெரிகிறதா? காத்ர் பிராவில் பிரிட்டிஷ் 69ஆம் படைக்கு இதுதான் நேர்ந்தது. இளவரசரின் ஆணைப்படி வரிசையாக விரிந்த நேரத்தில் பிரெஞ்சுத் தளபதி கெல்லர்மானின் மார்புக்கவசக் குதிரைவீரர்கள் பாய்ந்தார்கள். பட்டாலியன் நொறுங்கியது, அரசரின் கொடி பறிபோனது.

எதிரியை யார் நடத்துவது?

ஒரு பகடை. எதிரியின் முறை வரும்போது, அவர் இடத்தில் உட்கார்ந்து, செய்யத்தக்க மூன்று காரியங்களை எழுதுங்கள். மிகப் பொருத்தமானது 1–3, அடுத்தது 4–5, அசட்டுத்தனமானது 6. உருட்டுங்கள். வந்ததைச் செய்யுங்கள். அவ்வளவுதான் எதிரியின் மூளை.

தளபதியின் குணத்தையும் இதில் ஏற்றலாம். 3 மணி வரை நாற்சந்தியில் தலைமை ஆரஞ்சு இளவரசரிடம். அவருக்கு வயது 22. வெலிங்டன் அப்போது பிரஷ்யத் தளபதி புளூஷரைப் பார்க்கப் போயிருந்தார். ஆகவே முதல் மூன்று சுற்றுகளில் அசட்டுத்தனத்துக்கு 5, 6 இரண்டையும் கொடுங்கள். வெலிங்டன் திரும்பிய பிறகு 1–4 பொருத்தமானது, 5 அடுத்தது, 6 மட்டும் அசட்டுத்தனம். பெரிய மனிதர்களும் எப்போதாவது சறுக்குவார்கள்.

சரி, என் படையைச் சொல் கேளாததாக ஆக்குவது எப்படி?

இங்கேதான் ஆட்டம் இருக்கிறது. எந்த டிவிஷனையும் கையால் தொட்டு நகர்த்த உங்களுக்கு உரிமையில்லை. தாளில் ஆணை எழுத வேண்டும். எழுதிய ஆணை தளபதியைச் சேர ஒரு சுற்று, தூரம் 30 செ.மீ.க்கு மேல் என்றால் இரண்டு. போய்ச் சேர்ந்ததும் பகடை:

1 – தவறாகப் புரிந்துகொண்டார். வேறு இடத்துக்குப் போகிறார், அல்லது நின்ற இடத்திலேயே நிற்கிறார்.
2, 3 – ஒரு சுற்று தாமதம்.
4, 5 – சொன்னபடி.
6 – சொன்னபடி, கூடவே தன் கண்ணில் பட்ட வாய்ப்பையும் பயன்படுத்திக்கொள்கிறார்.

வாய்மொழி ஆணை கூடாது, மனதில் நினைத்ததும் செல்லாது. ஆணையை ஒரு வரிக்குள் எழுதுங்கள். “பிரோமோனைப் பிடி” என்று எழுதினால், பிடித்த பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. அடுத்த ஆணை வரும்வரை அங்கேயே நிற்பார். “பிரோமோனைப் பிடித்து, கிழக்குச் சாலைவரை போ” என்று எழுதினால், வழியில் பிக்டனின் படை வந்து நின்றாலும் அதன்மேல் போய் மோதுவார். எதை எழுதினாலும் ஒரு வினை உண்டு.

ஒரு சுற்றை நடத்திப் பார்ப்போம். மணி 3, நான்காம் சுற்று. பாஷ்லூவின் டிவிஷன் பிரோமோனில் நிற்கிறது. போன சுற்றில் அவருக்கு “வடக்கே ஏறி நாமூர் சாலையை அடை” என்று எழுதினீர்கள். பகடை 2. இந்தச் சுற்று நகர மாட்டார். ஃபுவாவின் டிவிஷனுக்கு “ஜெமியோன்கூர் பண்ணையைப் பிடி” என்ற ஆணை, பகடை 5. இரண்டு பட்டாலியன்கள் நெடும்பத்தியாகச் சாலை வழியே போய் மதிலில் மோதுகின்றன. உள்ளே இருப்பவர்கள் சுட, முன்னால் போன பட்டாலியனுக்கு ஒரு புள்ளி போகிறது. இப்போது பிக்டன் வருகிறாரா என்று உருட்டுங்கள். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வந்துவிட்டார். 5 விழுகிறது. நாற்சந்தியில் ஆறு சிவப்புக் காய்கள் இறங்குகின்றன, அவற்றில் இரண்டு நேராகப் பாஷ்லூ போக வேண்டிய அதே சாலைக்குப் போகின்றன. அடுத்த சுற்றில் பாஷ்லூ புறப்படுவார். ஆணை பழையது, நிலைமை புதியது. மாற்றி எழுதினால் சேர இன்னொரு சுற்று ஆகும். நே ஏன் அன்று அப்படிக் கத்தினார் என்பது அந்த இடத்தில் புரியும்.

பாஷ்லூவுக்கும் ஃபுவாவுக்கும் மேலே இருந்த ரெய் என்ற கோர் தளபதிக்கு ஒரு சிறப்பு விதி வைத்திருக்கிறேன். ஸ்பெயினில் வெலிங்டனோடு மோதிப் பழகியவர். மேட்டுக்குப் பின்னால் படையை ஒளித்துவைப்பது வெலிங்டனின் வழக்கம் என்று தெரிந்தவர். அன்றும் அந்த எச்சரிக்கையோடுதான் தொடங்கினார். முதல் மூன்று சுற்றுகளில், தாக்கச் சொல்லும் எந்த ஆணைக்கும் அவருடைய பகடையில் 1 கழியுங்கள்.

தெர்லோனுக்கு 4 மணிச் சுற்றில் ஒரே ஒரு பகடை: 1–4 வந்தால் லிக்னி பக்கம் போய்விட்டார், மறந்துவிடுங்கள். 5 என்றால் இரண்டு சுற்று தாமதமாக வருவார். 6 என்றால் உடனே. இதைத் தாராளமாக்கிவிடலாமே என்று கை பரபரக்கும். கூடாது.

எதிரி எங்கே இருக்கிறார் என்று எனக்கே தெரியாமல் இருக்க முடியுமா?

முடியும். எதிரியின் காய்களோடு அதே வடிவில் வெட்டிய வெற்று அட்டைகள் சிலவற்றையும் கலந்து, கவிழ்த்து, குலுக்கி, காட்டிலும் பயிரிலும் மேட்டுக்குப் பின்னாலும் வையுங்கள். ஆறு உண்மைக் காய்களுக்கு நான்கு வெற்று அட்டைகள் சரியான விகிதம். உங்கள் படை 10 செ.மீ.க்குள் போனால் திருப்பிப் பாருங்கள். ஒன்றுமில்லை என்று தெரிவதற்குள் ஒரு மணி நேரத்தை வீணாக்கியிருப்பீர்கள். ரெய்யும் அன்று அதைத்தான் செய்தார்.

யார் முதலில் நகர்வது?

சீட்டு. ஒவ்வொரு பிரிகேடுக்கும் (டிவிஷனின் உட்பிரிவு, சில பட்டாலியன்கள் சேர்ந்தது) ஒரு சீட்டு எழுதி, இரு பக்கத்துச் சீட்டுகளையும் ஒன்றாகக் குலுக்கி, ஒன்றொன்றாக எடுங்கள். எந்தப் பிரிகேடின் சீட்டு வருகிறதோ அது நகரும். கூடவே ‘சுற்று முடிந்தது’ என்று ஒரு சீட்டைச் சேர்த்துவிடுங்கள். அது வந்ததும் மீதியுள்ளவர்களுக்கு அந்தச் சுற்றில் வாய்ப்பில்லை. ‘ஷார்ப் பிராக்டிஸ்’ என்ற பிரிட்டிஷ் விதித்தொகுப்பில் இந்த வேலையைச் செய்வதற்கு ‘டிபன்’ என்று பெயர். போரை நிறுத்திவிட்டு டிபனுக்குப் போவது எனக்கு முழுக்க ஏற்புடையதே.

பகடை பிடிக்கவில்லை என்றால் மறுபடி உருட்டலாமா?

யாரும் தடுக்க மாட்டார்கள். அதற்கு ஆடாமலே இருக்கலாம்.

ஆயத்தமாகக் கிடைக்கும் தனியாட்டங்கள் உண்டா?

உண்டு. ‘ஃபீல்டு கமாண்டர்: நெப்போலியன்’ 2011இல் வந்தது, தனி ஆளுக்கென்றே செய்தது, நெப்போலியனாக நீங்கள் படையெடுப்புகளை நடத்தலாம். ஃபின்லாந்தில் உருவான ‘டபிள்யூ 1815’ வாட்டர்லூவைச் சில அட்டைகளுக்குள் அடக்கிவிடுகிறது. உணவு இடைவேளையில் ஆடி முடிக்கலாம், இருவர் ஆட்டம்தான், ஆனால் தனியாகவும் நன்றாக ஓடும். ‘கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: நெப்போலியோனிக்ஸ்’ புகழ்பெற்றது, கையிலுள்ள சீட்டுகளை மறைத்து ஆடுவது என்பதால் தனியாக ஆடினால் பாதிச் சுவை போய்விடும்.

விலையைப் பார்த்தபின் முடிவெடுங்கள். அட்டையும் கத்தரிக்கோலும் எப்போதும் இருக்கின்றன.

கணினியில் ஆடிவிட்டால் போயிற்றே?

ஆடுங்கள். கணினி விதிகளை மறைத்துவிடும். நீங்கள் ஏன் தோற்றீர்கள் என்று அது சொல்லாது. மேசையில் விதி உங்கள் கையில் இருக்கிறது. ரெய்யின் பகடையில் 1 கழிப்பது நியாயமா என்று இரவு முழுக்க யோசிக்கலாம், மறுநாள் மாற்றலாம்.

நம் பக்கத்தில் இதே காலத்துச் சண்டை ஏதாவது?

அசாயே. 1803 செப்டம்பர் 23, இன்றைய மகாராஷ்டிராவின் ஜால்னா மாவட்டம். பின்னாளில் வெலிங்டன் ஆன ஆர்தர் வெல்லெஸ்லி அப்போது மராட்டியர்களான சிந்தியா, போன்ஸ்லே படைகளை எதிர்கொண்டார். அவருடைய படையில் மதராஸ் மாகாணத்துச் சிப்பாய்ப் பட்டாலியன்கள் கணிசமாக இருந்தன. எதிரில் இருந்த மராட்டியக் காலாட்படைக்குத் தலைமை தாங்கியவர் போல்மான் என்ற, ஜெர்மனியின் ஹானோவரைச் சேர்ந்தவர், பீரங்கிகளோ ஏராளம்.

கைத்னா ஆற்றைக் கடக்க வழியில்லை என்று வழிகாட்டிகள் சொன்னார்கள். ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு ஊர்கள் இருப்பதை வெல்லெஸ்லி பார்த்தார். இடையே கடவு இல்லாமல் இப்படி ஊர் அமையாது என்று முடிவுகட்டி அங்கே போனார், கடவு இருந்தது. தனியாட்டத்தில் இதைப் பகடையாக வைக்கலாம்: 3 முதல் 6 வரை விழுந்தால் கடவு உண்டு. இல்லையென்றால் வேறு சண்டை ஆடப்போகிறீர்கள்.

அவருக்கும் சொந்தப் படையால்தான் பெரிய அடி. வலப்பக்கம் முன்னே போன காவல் அணிகளை நடத்திய ஓராக், அளவுக்கு மீறி வலப்பக்கமாகவே சென்று அசாயே கிராமத்துப் பீரங்கிகளின் முன்னால் போய் நின்றார். பின்தொடர்ந்த 74ஆம் படை சின்னாபின்னமானது. நம் அட்டவணையில் அது 1.

மக்கள் செத்த போரை விளையாட்டாக்குவது சரியா?

காத்ர் பிராவில் ஒரே பிற்பகலில் இரு பக்கமும் சேர்த்து 8,000க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். பிரன்ஸ்விக் கோமகனும் அவர்களில் ஒருவர். இது எனக்கு உறுத்தாத விஷயமல்ல. அட்டைக் காயை எடுத்து ஓரமாக வைக்கும்போது அது 600 பேர் என்று தெரிந்தே வைக்கிறேன். சிலருக்கு இந்தப் பதில் போதாது. அவர்கள் ஆட வேண்டியதில்லை.

ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம்? நடுவில் நிறுத்தினால்?

21 சுற்றுகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராளமாகப் போதும். நிறுத்த வேண்டியிருந்தால் மேலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துவிட்டு, போர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். எழுதிய ஆணைகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவைதான் ஆட்டத்தின் பதிவு.

நடுவில் நிறுத்துவதில் ஒரு லாபமும் உண்டு. ஒரு பக்கத்துக்கான ஆணைகளை இன்று எழுதி, மறுபக்கத்துக்கானவற்றை இரண்டு நாள் கழித்து எழுதினால், முதலில் என்ன நினைத்தோம் என்பது பாதி மறந்திருக்கும்.

ஜெயித்தது யார் என்று எப்படி முடிவு செய்வது?

ஆட்டம் தொடங்குமுன் எழுதி வையுங்கள். காத்ர் பிராவில்: 9 மணிக்கு நாற்சந்தி நேயின் கையில் இருந்தால் முழு வெற்றி. இல்லை, ஆனால் எதிரியை லிக்னிக்கு உதவப் போகவிடாமல் கட்டிப்போட்டார் என்றால் பாதி. உண்மையில் அவருக்குக் கிடைத்தது அந்தப் பாதிதான். நீங்கள் தொடர்ந்து அதற்குக் கீழே வாங்கினால் விதிகளைக் குறை சொல்லுமுன் உங்கள் ஆணைகளை எடுத்து வாசியுங்கள்.

ஒரு சண்டையோடு நிற்காமல் முழுப் படையெடுப்பையும் ஆட முடியுமா?

முடியும், தீப்பெட்டிகள் வேண்டும். பழைய முறை இது: காலித் தீப்பெட்டிகளை ஆறுக்குப் பத்தாக அடுக்கி ஒட்டி, ஒவ்வொரு பெட்டியையும் வரைபடத்தின் 5 கிலோமீட்டர் கட்டமாகக் கொள்ளுங்கள். ஷார்ல்ருவாவிலிருந்து பிரஸ்ஸல்ஸை நெருங்கும்வரை அறுபது பெட்டிக்குள் அடங்கும். படைகளுக்கான சிறு அட்டைகளைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். எதிரியின் அட்டைகளைக் கவிழ்த்தபடி, எது எந்தப் படை என்று பார்க்காமலே, பகடைப்படி பெட்டிக்குப் பெட்டி மாற்றுங்கள். உங்கள் குதிரைப்படை நுழையும் பெட்டியை மட்டும் திறந்து பார்க்கலாம். இரு படைகள் ஒரே பெட்டியில் சந்தித்தால் கேரம் போர்டை வெளியே எடுங்கள்.

ஜூன் 15 முதல் 18 வரையான நான்கு நாட்கள் முதல் முயற்சிக்குப் போதும். லிக்னியில் பிரஷ்யர்கள் தோற்றால் ஒரு பகடை உருட்ட வேண்டும்: 1–3 என்றால் வடக்கே வாவ்ர் நோக்கிப் பின்வாங்குகிறார்கள், வெலிங்டனுக்குக் கைகொடுக்கும் தூரத்தில் இருப்பார்கள்; 4–6 என்றால் கிழக்கே, தங்கள் நாட்டை நோக்கி. நெப்போலியன் அவர்கள் கிழக்கே போனதாக எண்ணினார், அவர்கள் போனது வடக்கே. இந்தப் பகடையை மட்டும் ஒரு டம்ளருக்குள் குலுக்கி, அப்படியே மேசைமேல் கவிழ்த்து விட்டுவிடுங்கள். பிரெஞ்சு மார்ஷல் குருஷியின் குதிரைப்படை அந்தப் பெட்டிகளில் போய்ப் பார்த்து அவர்களைக் கண்டுபிடிக்கும்வரை டம்ளரை எடுக்கக் கூடாது. அதற்குள் வாட்டர்லூ தொடங்கிவிட்டால், அதை எடுக்காமலே ஆடுங்கள்.